15 நாளில் முடியும் காப்பீடு. மாதக்கணக்கில் தொடர வேண்டிய நடைப் பயிற்சி

புதுதில்லி: பக்கவாதம் தாக்கியவரை மருத்துவமனையில் சேர்த்து உயிர் பிழைக்க வைக்க, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான செலவை ஏற்கிறது. ஆனால், அவர் வீடு திரும்பிய 15 நாள்களுடன் அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பிடிமானமின்றி நிற்கவும், தடுமாறாமல் நடக்கவும் அவர் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது என்பதைத் திட்டத்தை வகுத்தவர்கள் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் பக்கவாதத்துக்கு ஆளாகின்றனர் என்பது 2021-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்ற விழிப்புணர்வு கடந்த சில ஆண்டுகளில் ஓரளவு பரவியுள்ளது. பிழைப்போரின் எண்ணிக்கை கூடும்போது, ஒரு பக்கம் செயலிழந்த நிலையில் வீடு திரும்புவோரின் எண்ணிக்கையும் கூடவே செய்யும். அவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் கவனிக்க வேண்டிய நகரம் மகாராஷ்டிர மாநிலத்தின் புணே.

மறுவாழ்வு சிகிச்சை என்றால் தமிழர்களுக்கு வேலூர் நினைவுக்கு வரும். விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பிறகும் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவானது. ராணுவத்தினருக்கு அந்த இடத்தில் இருப்பது புணே. முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்காக 1917-ல் மும்பையில் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்ப நிலையம் பின்னர் புணேயை அடுத்த கட்கிக்கு மாறியது. செயற்கை உறுப்பு மையம் 1944-லும், ராணுவ மருத்துவக் கல்லூரி 1948-லும் இங்கு அமைந்தன. முதுகுத் தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-ல் கட்கியில் உருவானது. அடிபட்டவனை மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று ராணுவம் நினைக்கவில்லை என்பதற்கு இந்த வரிசையே சான்று.

சிவிலியன் தரப்பிலும் புணே பின்தங்கியதல்ல. டாக்டர் கே.எச். சஞ்சேதி 1965-ல் தொடங்கிய எலும்பியல் மருத்துவமனை இன்று மறுவாழ்வு மருத்துவத்துக்கும் பெயர் பெற்றது. அதன் கீழ் இயன்முறை சிகிச்சைக் கல்லூரியும் உண்டு. பாரதி வித்யாபீடம், டி.ஒய். பாட்டீல் போன்ற பல்கலைக்கழகங்களின் பிசியோதெரபி கல்லூரிகளும் நகரிலும் சுற்றுப்புறத்திலும் இயங்குகின்றன. இத்தகைய கல்லூரிகளில் பயிலும் மாணவர்களுக்கு, பக்கவாத நோயாளியின் சமநிலையையும் நடையையும் சீராக்க உதவும் பயோஃபீட்பேக் என்ற பின்னூட்டப் பயிற்சி ஒரு பாடம்.

உடலே காட்டும் கணக்கு: பயோஃபீட்பேக் என்பது மருந்தோ, மின்சார சிகிச்சையோ அல்ல. உடலில் நடப்பதை உடனுக்குடன் அளந்து, அதை ஒலியாகவோ ஒளியாகவோ அந்த உடலுக்கு உரியவரிடமே திருப்பிக் காட்டும் முறை. நலமாக இருப்பவர், தம் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று யோசித்துக் கொண்டு நிற்பதில்லை. பாதம், கணுக்கால், இடுப்பு ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வுச் செய்திகளை மூளை தானாகவே கணக்கிட்டுக் கொள்கிறது. பக்கவாதத்துக்குப் பின் இந்தக் கணக்கு பிழைபடுகிறது. நோயாளி நேராக நிற்பதாகவே எண்ணுவார். ஆனால் எடையின் பெரும்பகுதி பாதிக்கப்படாத காலின் மீதே சாய்ந்திருக்கும். திரும்பும்போதும், கையை நீட்டி ஒரு பொருளை எடுக்கும்போதும் விழுவார்.

விழுவது சிறிய செய்தியல்ல. இங்கிலாந்தின் பிராட்போர்டில் 108 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வீடு திரும்பிய ஆறு மாதங்களில் 73 சதவீதத்தினர் ஒரு முறையாவது விழுந்திருந்தனர். ஒரு முறை விழுந்தவர் அச்சத்தால் நடப்பதையே குறைத்துக் கொள்கிறார். நடக்காத காலில் எஞ்சியிருந்த வலுவும் போகிறது.

இரு பாதங்களின் கீழும் தனித்தனியே அழுத்தத்தை உணரும் பலகையில் நோயாளியை நிறுத்தினால், அவரது உடலின் எடை மையம் எதிரே உள்ள திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளியை நடுவே கொண்டு வரவும், வலமும் இடமும் முன்னும் பின்னும் நகர்த்தவும் பயிற்சி தரப்படுகிறது. இது சமநிலைக்கான பயோஃபீட்பேக். தசைகளுக்கானது வேறு. பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசை வலுவிழந்தால், நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் உரசும். அந்தத் தசையின் மேல் தோலில் உணரிகளை ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத அளவில் தசை எழுப்பும் நுண்ணிய மின் அலைகளையும் கருவி பிடித்து ஒலியாக மாற்றும். "காலில் ஒன்றுமே இல்லை" என்று மனம் தளர்ந்தவருக்கு, உள்ளே ஏதோ உயிர்ப்புடன் இருக்கிறது என்பதற்கான முதல் அடையாளம் அந்த ஒலி. ஒலி எழுவதற்குத் தேவையான அளவைச் சிகிச்சையாளர் நாளடைவில் உயர்த்திக்கொண்டே போவார்.

லோனாவ்லாவும் மயிலாப்பூரும் கண்ட வழி: 'பயோஃபீட்பேக்' என்ற சொல் அமெரிக்காவில் 1969-ல் இத்துறை ஆய்வாளர்கள் சங்கம் அமைத்தபோது நிலைபெற்றது. ஆனால், தானாக இயங்கும் உடலைக் கருவியால் அளந்து மனத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி அதற்கு வெகுமுன்பே புணே மாவட்டத்தில் எழுந்துவிட்டது. அம்மாவட்டத்தின் மலை நகரமான லோனாவ்லாவில் 1924-ல் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், யோகப் பயிற்சிகளின்போது உடலில் நிகழும் மாற்றங்களைக் கருவிகளால் பதிவு செய்து, அவற்றை வெளியிடத் தனி இதழையும் தொடங்கினார்.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. பிரெஞ்சு இதயநோய் மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் 1935-ல் இந்தியா வந்து, கையடக்க இதயத்துடிப்புப் பதிவுக் கருவியுடன் யோகி டி. கிருஷ்ணமாசார்யாவைச் சோதித்தார். பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய அவரை, 1957-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெங்கரும் பாக்சியும் தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் பி.கே. ஆனந்தும் மேற்கொண்ட ஆய்விலும் சந்திக்கிறோம். அவர்கள் ஆராய்ந்த நான்கு யோகிகளில் அவரும் ஒருவர். 1961-ல் வெளியான முடிவு பக்தர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்டபோது நாடி மறைந்ததே தவிர, இதயத்தின் மின் துடிப்பு நிற்கவில்லை. மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்ததே காரணம் என்று அவர்கள் கண்டனர். அதாவது, அடக்க முடியாததை அடக்கியது நேரடியான மன ஆற்றல் அல்ல. பழகிய தசைகளின் வேலை. பக்கவாத நோயாளிக்கு வேண்டியதும் இதுதான்.

கிருஷ்ணமாசார்யாவின் மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். அய்யங்கார் 1937-ல் புணேக்கு வந்து, 2014-ல் மறையும் வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். சுவர், கயிறு, மரக்கட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு ஆசனங்களைப் பழக்கியது அவரது முறை. உடல் எங்கே சாய்கிறது என்பதைச் சுவரின் தொடுதல் உணர்த்திவிடுகிறது. மின்கம்பி இல்லாத பின்னூட்டம் என்று இதைச் சொன்னால் தவறில்லை. பக்கவாதம் வந்தோருக்கு யோகப் பயிற்சி தந்து 47 பேரிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. பயிற்சி பெற்றோரின் சமநிலை முன்னைவிட மேம்பட்டதாக அது தெரிவித்தது. சிறிய ஆய்வு, இதை வைத்து யோகமே போதும் என்று முழங்குவோர் அவசரப்படுகின்றனர்.

ஆய்வுகள் சொல்வது என்ன?: தசைப் பின்னூட்டத்துக்கு மருத்துவ உலகில் இடம் தேடித் தந்தவர் கனடாவைச் சேர்ந்த ஜான் பாஸ்மாஜியன். பாதம் தொங்கிப்போன 20 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து 1975-ல் அவர் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. ஒரு குழுவுக்கு 40 நிமிட உடற்பயிற்சி; மற்றதற்கு 20 நிமிட உடற்பயிற்சியும் 20 நிமிட பயோஃபீட்பேக்கும். வாரம் மூன்று முறையாக ஐந்து வாரங்கள் கழிந்தபோது, இரண்டாவது குழுவினரின் முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

அடுத்து வந்த ஆய்வுகள் எல்லாம் இப்படி உற்சாகம் தரவில்லை. 2004-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பலகைப் பயிற்சியால் இரு கால்களிலும் சமமாக எடை வைத்து நிற்பது மேம்படுகிறது. நடையிலும் அன்றாட சமநிலையிலும் அது தெளிவாகப் பிரதிபலிக்கவில்லை என்றது. பலகையில் நிற்கப் பழகியவருக்கு நிற்கத்தான் வரும், நடக்க வேண்டுமானால் நடந்துதான் பழக வேண்டும் என்பது இதன் பொருள். 429 பேர் பங்கேற்ற 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட முடிவு ஓரளவு நம்பிக்கை தருகிறது. எழுந்து நிற்றல், நடத்தல் போன்ற செயல்களைச் செய்துகொண்டே பின்னூட்டம் பெறும்போது, வழக்கமான சிகிச்சையைவிட மிதமான கூடுதல் பலன் கிடைக்கிறது என்பது அது.

கருவிகளின் மீது மோகம் கொள்வோர் மற்றோர் ஆய்வையும் படிக்க வேண்டும். கணினி விளையாட்டுக் கருவியைக் கொண்டு பக்கவாதக் கையைப் பழக்கும் முறையை, சீட்டாட்டம் போன்ற சாதாரண பொழுதுபோக்குகளுடன் ஒப்பிட்டு 141 பேரிடம் சோதித்த முடிவுகள் 2016-ல் வெளியாயின. இரு தரப்பினரின் முன்னேற்றத்திலும் வேறுபாடு இல்லை. சீட்டுக்கட்டின் விலையையும் கருவியின் விலையையும் ஒப்பிட வேண்டியதில்லை.

பெரிய மருத்துவமனைகளில் காணப்படும் சமநிலைப் பயிற்சி இயந்திரங்கள் பல லட்ச ரூபாய் விலை கொண்டவை. அதே அடிப்படையில், வீட்டில் எடை பார்க்கும் சாதாரண இயந்திரங்கள் இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நோயாளியை நிற்கச் செய்யும் முறையையும் சிகிச்சையாளர்கள் நெடுங்காலமாகக் கையாள்கின்றனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு முள் 42-லும் மறு முள் 18-லும் நின்றால், எந்தக் காலை அவர் நம்பவில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முன்னால் ஒரு நிலைக்கண்ணாடி, பின்னால் சுவர், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும். துணையின்றிச் செய்வது ஆபத்து. முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பழகுவதும் முடிவான இலக்கல்ல. சில நாள்களில் பார்வையை விலக்கி, 'இப்போது எடை எங்கே இருக்கிறது' என்று நோயாளியை முதலில் சொல்ல வைத்து, பிறகு முள்ளைக் காட்ட வேண்டும். பின்னூட்டத்தைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால், உடல் தன் கணக்கைக் கற்காமல் கருவியையே நம்பியிருக்கும். இந்த நுணுக்கத்தை அறிந்த சிகிச்சையாளர் ஒருவர் வாரந்தோறும் உடனிருப்பது, கருவியின் விலையைவிட முக்கியம்.

மீண்டும் மீண்டும் செய்வதே இதில் மருந்து. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏழு இடங்களில் 312 சிகிச்சை அமர்வுகளை எண்ணிப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஓர் அமர்வில் நடைப் பயிற்சி பெற்றவர் எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 357. வசதி படைத்த நாடுகளின் நிலையே இது. மூளை தன்னைச் சீரமைத்துக் கொள்வதில் வேகம் காட்டுவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். அந்தக் காலத்தில் எத்தனை முறை சிகிச்சைக்கு வர முடிகிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் அதைத் தீர்மானிப்பது குடும்பத்தின் கையிருப்பு.

காப்பீட்டின் எல்லை: 2018 செப்டம்பர் 23-ல் ராஞ்சியில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள் செலவுகளை ஏற்கிறது. வெளிநோயாளியாக வந்து செல்லும் சிகிச்சை இதில் சேராது. 2024 அக்டோபரில் 70 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் வருமான வரம்பின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. பக்கவாதத்துக்கு அதிகம் ஆளாகும் வயதினர் இவர்களே. ஆனால் அப்போதும் இந்த 15 நாள் எல்லை மறுபரிசீலனைக்கு வரவில்லை.

தனியார் காப்பீடும் பெரிதாக வேறுபடவில்லை. அனைத்து நிறுவனங்களும் வழங்க வேண்டும் என்று 2020-ல் கொண்டுவரப்பட்ட 'ஆரோக்கிய சஞ்சீவனி' திட்டத்தில், வீடு திரும்பிய பிந்தைய காலம் 60 நாள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விலக்குகளின் பட்டியலில், 'மறுவாழ்வு' என்ற சொல் ஓய்வுச் சிகிச்சையுடன் ஒரே தலைப்பின் கீழ் இடம்பெற்றுள்ளது. வியர்வை சிந்தி 300 அடி நடப்பவரும், மாற்றுக் காற்றுக்காக மலைவாசத்தலத்தில் தங்குபவரும் ஒரே தலைப்பில் சேர்க்கப்பட்டது விந்தைதான்.

நோய்த்தடுப்புக் கொள்கையிலும் இந்தச் சுணக்கம் தெரிகிறது. 2010-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பெயரிலேயே புற்றுநோய், சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றுடன் பக்கவாதமும் இருந்தது. 2023-ல் அது தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் எனப் பொதுப் பெயர் பெற்றது. பெயர் போனதால் பணி நின்றுவிடவில்லை என்பது உண்மை. எனினும், சோதித்துக் கண்டறிவதற்கும் மாத்திரை வழங்குவதற்கும் கிடைத்த முக்கியத்துவம் நடக்க வைப்பதற்குக் கிடைக்கவில்லை.

ஊனமுற்றோர் என்ற நிலையில் உதவி பெறலாமே என்று கேட்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு மறுவாழ்வு சேவைகளை அரசின் கடமையாக்குகிறது. 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற வாசகத்துடன். நரம்பியல் பாதிப்புக்கான ஊன மதிப்பீடு, நோய் வந்து ஆறு மாதம் கழித்தே செய்யப்பட வேண்டும் என்பது மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி. ஊனம் நிரந்தரமா என்பதை அறிய அவகாசம் தேவை என்ற மருத்துவக் காரணம் இதற்கு உண்டு. ஆனால் நடைமுறையில், ஊனத்தைக் குறைக்கக் கூடிய மாதங்கள் கழிந்த பிறகே சான்றிதழ் கைக்கு வருகிறது.

குடும்பத்தின் தோளில்: சிகிச்சையாளர் இல்லாத இடத்தில் வீட்டாருக்கே பயிற்சி தந்துவிடலாம் என்ற யோசனை கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அரசுக்குச் செலவு மிச்சம். இதை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டனர். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிபுணர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர், 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்திய 'அட்டெண்ட்' ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தரப்பட்ட குழுவிலும் தரப்படாத குழுவிலும், ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறர் தயவில் வாழ்வோரும் சேர்ந்து 47 சதவீதம். துளியும் வேறுபாடு இல்லை. மகளோ மனைவியோ மருமகளோ அக்கறையற்றவர்கள் என்பது இதன் பொருளல்ல. சமையலுக்கும் கூலி வேலைக்கும் இடையே ஒரு மனிதரைத் தூக்கி நிறுத்தும் பெண்ணிடம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வேலையையும் ஒப்படைக்க முடியாது என்பதே ஆய்வு உணர்த்துவது.

இந்த விஷயத்தில் தமிழகம் ஓர் அடி முன்னே நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி மாத்திரை தருவதுடன் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. 2024-ல் ஐ.நா. அமைப்புகளின் குழு அளித்த விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் செல்ல வேண்டிய சிகிச்சையாளர், ஒரு நோயாளியின் வீட்டுக்கு மாதத்தில் எத்தனை முறை வர முடிகிறது என்பதில்தான் இதன் உண்மையான பலன் அடங்கியிருக்கிறது. விருது விழாக்களில் கேட்கப்படாத இக்கேள்வியைச் சட்டப்பேரவையில் யாராவது கேட்கலாம். இரண்டு எடை இயந்திரங்களைச் சிகிச்சையாளரின் வாகனத்தில் ஏற்றி அனுப்ப பெரிய நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது.

புணேக்கும் இந்தத் தேவை அண்மையில் வேறு வடிவில் வந்தது. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியை மையமாகக் கொண்டு கிலன் பாரே நோய் பரவி, 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நரம்புகள் தாக்கப்பட்டுக் கை கால் செயலிழக்கும் இந்நோயிலிருந்து பிழைத்தவர்களுக்கும், நிற்கவும் நடக்கவும் மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். செயற்கை சுவாசக் கருவிகளின் எண்ணிக்கை அன்றாடச் செய்தியானது. அதன் பிறகு நடந்தவை நாளிதழ்களில் இடம்பெறவில்லை.

சட்டம் வந்தும் வராத நிலை: இயன்முறை சிகிச்சை உள்ளிட்ட துறைகளை ஒழுங்குபடுத்தும் தேசிய ஆணையச் சட்டத்தை 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்வித் தரம், பதிவேடு, மாநில கவுன்சில் ஆகிய அனைத்துக்கும் அதில் வழி உண்டு. மகாராஷ்டிரத்தில் இயன்முறை சிகிச்சைக்கான மாநில கவுன்சில் இச்சட்டத்துக்கு முன்பே இருந்தது. பல மாநிலங்கள் மூன்றாண்டுகளுக்குப் பிறகும் அசையாததால், இரு மாதங்களுக்குள் செயல்படுத்துமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரத் துறையைப் பரபரப்பாக்கியது, இயன்முறை சிகிச்சையாளர்கள் தம் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா என்ற சர்ச்சை. கூடாது என்று சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் அனுப்பிய கடிதம் மறுநாளே நிறுத்தி வைக்கப்பட்டது. எந்த மாவட்டத்தில் எத்தனை சிகிச்சையாளர்கள் இருக்கின்றனர், அவர்களில் எத்தனை பேர் அரசுப் பணியில் உள்ளனர் என்ற பதிவேடு முழுமையடைந்தால்தான், வீடு திரும்பும் நோயாளிக்கு 15 நாளுக்குப் பிறகு யார் சிகிச்சை தருவது என்பதைத் திட்டமிட முடியும்.